ஆன்லைன் ரூம் புக்கிங்: விடுதிக்காரரும் பயணியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாறு அறைகளோடு கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ காட்டேஜ் நடத்துகிறவருக்கு புக்கிங் ஆப்கள் பெரிய உதவி. விளம்பரத்துக்கென்று தனியாகச் செலவு செய்யாமலே வெளிமாநிலத்துக்காரர் கண்ணிலும் அவர் விடுதி படுகிறது. அந்த உதவி நிலைக்க வேண்டுமானால் சில தவறுகளைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

எத்தனை அறை நிரம்பியது என்பதை மட்டும் பார்ப்பது முதல் தவறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை வாடகை 2,000 ரூபாய். ஆப்பில் தெரிவதற்காக 15% தள்ளுபடி கொடுத்தால் 1,700. அதில் 20% கமிஷன் என்றால் 340 போகும். அந்தக் கமிஷனுக்கு 18% ஜிஎஸ்டி, இன்னொரு 61 ரூபாய். கைக்கு வருவது 1,300-க்கும் குறைவு. மின்சாரம், சலவை, ஆள் கூலி எல்லாம் இதிலிருந்துதான். சீசனில் எப்படியும் நிரம்பும் அறைக்கு இந்தத் தள்ளுபடி எதற்கு? கூட்டம் இல்லாத நாட்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு இன்னும் ஆபத்தானது: ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒரே தளத்தை நம்பி இருப்பது. மேக்மைட்ரிப்-கோஐபிபோ என்ற புக்கிங் தள நிறுவனத்தின் வழக்கை விடுதிக்காரர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு தளத்திலோ விடுதியின் சொந்த இணையதளத்திலோ குறைந்த விலைக்கு அறை விற்கக் கூடாது என்று அந்நிறுவனம் விடுதிகளைக் கட்டுப்படுத்தியிருந்தது. ஓயோவுடன் அது செய்துகொண்ட ஏற்பாட்டால், ட்ரீபோ, ஃபேப் ஹோட்டல்ஸ் ஆகிய விடுதிச் சங்கிலிகள் மேக்மைட்ரிப் தளத்திலிருந்தே நீக்கப்பட்டன. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. விலைக் கட்டுப்பாட்டு நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து எடுக்கவும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ட்ரீபோ போன்ற சங்கிலி நிறுவனங்களையே தளத்திலிருந்து நீக்க முடியும் என்றால், ஐந்து அறைக்காரர் ஒரு நாள் காலையில் பட்டியலில் இல்லாமல் போனால் யாரிடம் முறையிடுவார்? அதனால் குறைந்தது இரண்டு தளங்கள், கூடவே நேரடியாக அழைக்க ஒரு போன் எண். வந்து தங்கிய விருந்தினரிடம், அடுத்த முறை நேராகக் கூப்பிடுங்கள் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

தளம் நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. ‘இன்னும் ஒரே அறைதான்’ என்ற பொய் அவசரம், கேட்காமலே பில்லில் சேரும் காப்பீடு, கடைசித் திரையில் மட்டும் தலைகாட்டும் கட்டணம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் இவையும் அடங்கும். உண்மையிலேயே ஒரு அறைதான் என்று தெரிந்தாலும், அது அந்த ஆப்புக்கு ஒதுக்கிய கணக்காக இருக்கலாம். விடுதியில் வேறு அறைகள் காலியாக இருக்கக்கூடும். பயணி ஒரு போன் போட்டு விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊரை மறந்துவிடுவது எல்லாரும் சேர்ந்து செய்யும் தவறு. பார்சிலோனாவில் வீடுகள் சுற்றுலாத் தங்குமிடங்களாக மாறிக்கொண்டே போக, உள்ளூர்க்காரர் குடியிருக்க வீடு கிடைப்பது கடினமானது. பத்தாண்டுகளில் வாடகை 68% உயர்ந்ததைச் சுட்டிக்காட்டிய மேயர், 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024 ஜூனில் அறிவித்தார். ஆரம்பத்திலேயே ஓர் அளவு வைத்திருந்தால் இவ்வளவு கடுமையான முடிவுக்குத் தேவை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் மலைகளிலும் அளவு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடை சீசனுக்கு ஒரு நாளில் இத்தனை வாகனங்கள்தான் என்ற வரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஆப்பில் அறை பதிவாகிவிட்டது என்றால் பாஸும் கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கிளம்புவது வீண் அலைச்சல். பாஸ் கிடைக்கும் தேதியைப் பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள். விடுதிக்காரரும் புக்கிங்கை உறுதி செய்யும் செய்தியிலேயே இ-பாஸ் பற்றி ஒரு வரி சேர்த்துவிடலாம்.