ஃப்ளைஷீட் முகட்டுக் கயிறு: எந்தக் கயிற்றுக்கு எந்த இறுக்கி?

கயிற்றை இழுத்துப் பிடித்துப் பூட்டும் சின்னக் கருவியான இறுக்கியை வாங்கக் கடைக்குப் போகும்போது உங்கள் கயிற்றில் ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் ரிட்ஜ்லைன், அதாவது கூடாரத்துக்கு மேலே மழைக்கு விரிக்கும் ஃப்ளைஷீட்டைத் தாங்கும் முகட்டுக் கயிறு, நடு இரவில் தொய்ந்துபோனால் பழி இறுக்கியின் தலையில் விழும். டார்ச் அடித்துப் பார்த்தால் 4 மி.மீ. கயிற்றுக்கென்று வெட்டிய பல்லில் 2 மி.மீ. கயிறு ஓடிக்கொண்டிருக்கும். கயிற்றை முடிவு செய்யாமல் இறுக்கி வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

கயிறு

மலேசியாவில் உலு லங்காட், கோலக்குபு பாரு பக்கம் கூடாரம் போடுகிறவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது 550 பேராகார்ட். ஏறக்குறைய 4 மி.மீ. தடிமன், உறைக்குள் 7 உள்நூல், 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ வரை அறாது. அதன் குறை ஒன்றுதான்: நைலான். நைலான் தண்ணீர் குடிக்கும், நனைந்தால் நீளும். மாலை 5 மணிக்கு வீணைத் தந்தி மாதிரி நின்ற கயிறு, இடிமழை கொட்டி ஓய்ந்ததும் ஊஞ்சலாகத் தொங்குவது அதனால்தான். மலிவு விலையில் பேராகார்ட் என்று விற்பதில் சிலவற்றில் உள்ளே வெறும் பஞ்சுத் திரிதான் இருக்கும். நுனியைப் பிரித்து 7 நூலையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பாலியெஸ்டர் கயிறு நனைந்தாலும் அவ்வளவாக நீளாது. 3 அல்லது 4 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர்தான் நம் மழைக்கு ஏற்றது. விலையும் தாங்கும், முடிச்சும் நிற்கும், எல்லா இறுக்கியும் பிடிக்கும். டைனீமா என்ற மெல்லிய, மிக வலுவான செயற்கை இழைக் கயிறு 2 மி.மீ. இருந்தாலே போதும், தண்ணீர் குடிக்காது, நீளவும் செய்யாது. ஆனால் மெழுகு பூசியது போல வழுக்கும். அதற்கென்றே செய்த இறுக்கி இல்லாவிட்டால் அதை வாங்காதீர்கள்.

தடிமன் தெரியவில்லையென்றால் பேனாவில் 10 சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். சுற்றின் மொத்த அகலத்தை ஸ்கேலில் அளந்து 10-ஆல் வகுங்கள். 38 மி.மீ. வந்தால் கயிறு 3.8 மி.மீ. அட்டையில் போட்டிருக்கும் எண்ணைவிட இது நம்பகமானது.

நீளம்: 3×3 மீட்டர் ஃப்ளைஷீட்டுக்கு 10 மீட்டர். மரங்களுக்கு நடுவே 5 மீட்டர், இரு மரத்தையும் சுற்ற 2 மீட்டர், மீதி முடிச்சுக்கும் திரும்பி வரும் வாலுக்கும். 3×4 மீட்டருக்கு 12 வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இறுக்குவது

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும்: கயிறு கம்பி மாதிரி நின்றால், மழை வந்ததும் ஏதோ ஒன்று பிய்யும். கணக்கும் அதையே சொல்கிறது. நடுவில் தொங்கும் எடையை மரங்களுக்கு இடையிலான தூரத்தால் பெருக்குங்கள். வந்ததைத் தொய்வின் 4 மடங்கால் வகுங்கள். கயிற்றில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய அதுதான். தொய்வு என்பது பாரம் ஏறிய பிறகு கயிறு எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறதோ அது.

4 மீட்டர் இடைவெளி. ஷீட்டின் மடிப்பில் 5 லிட்டர் மழைநீர் தேங்கி, 5 கிலோவும் கயிற்றின் நடுவில் இறங்குகிறது என்று வையுங்கள். தொய்வு 20 செ.மீ. என்றால் கயிற்றில் 25 கிலோ. 10 செ.மீ. என்றால் 50 கிலோ. 5 செ.மீ.தான் என்று விறைப்பாக நின்றால் 100 கிலோ. தண்ணீர் அதே 5 லிட்டர்தான். சின்ன அலுமினியக் கொக்கியும் பிளாஸ்டிக் பூட்டும் உடைவது இங்கேதான். 4 மீட்டருக்கு ஒரு சாண் தொய்வுக்கு இடம் விட்டுக் கட்டுங்கள். ஷீட் சுருக்கமில்லாமல் நிற்க வேண்டுமென்றால் அதன் இரு முனையையும் பிரூசிக் கண்ணியால் (முகட்டுக் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் மெலிந்த கயிற்று வளையம்) தனியாக இழுங்கள். முகட்டுக் கயிற்றைப் போட்டு முறுக்க வேண்டாம்.

மரமும் சும்மா நிற்காது. இளம் ரப்பர் மரமும் கடற்கரைச் சவுக்கும் காற்றில் ஆடும்போது இடைவெளி கூடிக் குறையும். நீளாத டைனீமாவை விறைப்பாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் இறுக்கிக்கு ஒரு வெட்டு இழுப்பு.

இறுக்கி வகைகள்

முதலில் வெறும் முடிச்சு. லோரியில் சாமான் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சோடு ஒரே ஒரு கேரபைனரை (திறந்து மூடும் உலோகக் கொக்கி வளையம்) சேர்த்தால் பாதிப் பேருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது. இரண்டாவது மரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் கயிற்றின் நடுவில் போடும் ஆல்பைன் பட்டர்ஃபிளை என்ற கண்ணி முடிச்சைப் போட்டு, கேரபைனரை மாட்டுங்கள். வாலை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கேரபைனருக்குள் விட்டு, மரத்தை நோக்கித் திருப்பி இழுங்கள். மடங்கும் இடத்தை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உருவு முடிச்சு இரண்டு. ஏட்டுக் கணக்கில் 3 மடங்கு இழுவை. மரப்பட்டை உரசலிலேயே நிறைய போய்விடும், ஆனாலும் தாராளம். கேரபைனர் இல்லாமல் கயிற்றுக் கண்ணிக்குள்ளேயே இழுத்தால் நைலானும் நைலானும் உரசிச் சூடேறி உறை பளபளவென்று உருகிக் கிடக்கும். அந்த இடம்தான் அடுத்த பயணத்தில் அறும். சாவிக்கொத்துக் கேரபைனர் வேண்டாம். உடம்பில் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும்.

9 வடிவ இறுக்கி, நைட் ஐஸ் நிறுவனத்தின் ஃபிகர் 9 மாதிரி. கயிறு வளைவைச் சுற்றி வந்து பல் வைத்த வெட்டுக்குள் சிக்கும். முடிச்சு தெரியாதவரும் இருட்டில் கட்டலாம். சின்ன அளவு, பெரிய அளவு இரண்டுக்கும் கயிற்றின் தடிமன் வேறு. வாங்கும்போது அட்டையில் கயிற்றுத் தடிமனையும் எடை வரம்பையும் பாருங்கள். பேராகார்டுக்கும் பாலியெஸ்டருக்கும் நல்ல துணை. டைனீமாவில் வழுக்கும். ஒரே இடத்தில் பல் திரும்பத் திரும்பக் கடித்தால் உறை பிசிறும், அதனால் ஒவ்வொரு முறையும் பிடிக்கும் இடத்தை ஒரு விரல் அளவு நகர்த்துங்கள்.

கேம் வகை: உள்ளே ஸ்பிரிங் வைத்த பல்சக்கரம் கயிற்றை அமுக்கும். இழுத்தால் ஓடும், விட்டால் பிடிக்கும். வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. இரண்டு தொல்லை: மணல் புகுந்தால் சக்கரம் முழுதாக மூடாது, கயிறு நழுவும். பாரம் ஏறியிருக்கும்போது அவிழ்ப்பதும் சுலபமில்லை. கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்தால்தான் சக்கரம் விடும், கொட்டும் மழையில் அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும்.

மூன்று துளைச் சில்லு, அலுமினியமோ பிளாஸ்டிக்கோ, கூடாரத்தோடு சும்மா வருவது. அது தரையில் முளை அடித்து இழுக்கும் பக்கக் கயிறுக்கு. முகட்டில் போடாதீர்கள்.

1.75 முதல் 2.2 மி.மீ. டைனீமாவுக்கென்று டைட்டானிய, அலுமினியக் கொக்கிகள் தனியாகக் கிடைக்கின்றன. எடை குறைக்க ஆசைப்படுகிறவர்கள் கயிற்றையும் கொக்கியையும் ஒரே கடையில் ஜோடியாக வாங்குவது நல்லது. கயிற்றைப் பிற்பாடு மாற்றினால் ஜோடி கெட்டுவிடும்.

லோரி ரேட்செட் பட்டை பற்றி ஒரு வார்த்தை. ஹார்ட்வேர் கடையில் கண்ணில் படும், கை அரிக்கும். அதன் நெம்புகோல் இழுக்கும் பலத்தில் ஷீட்டின் ஐலெட் (ஓரத்தில் கயிறு கோக்கும் வளையத் துளை) கிழிவது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பட்டை மட்டும் பத்திரமாக நிற்கும். திருகி இறுக்கும் டர்ன்பக்கிளும் முகட்டுக்கு ஆகாது: அது வாங்கும் நீளம் சில சென்டிமீட்டர்தான், நனைந்த நைலான் கொடுக்கும் தொய்வு அதைவிட அதிகம்.

வீட்டில் ஒரு சோதனை

வாங்கியதும் நேராகக் காட்டுக்குப் போக வேண்டாம். பழைய காலுறையை இறுக்கியின் துளைகளிலும் பள்ளங்களிலும் தேயுங்கள். நூல் சிக்கினால் அங்கே பிசிர் இருக்கிறது. அது கயிற்றையும் அறுக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம், நீங்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

கயிற்றை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். உறுதியான ஜன்னல் கிரில்லில் கட்டி, இறுக்கியைப் போட்டு, 10 லிட்டர் தண்ணீர்க் கலன் இரண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள், 20 கிலோ. இறுக்கி பிடிக்கும் இடத்தில் மார்க்கரால் கோடு. ஒரு மணி நேரம் கழித்துக் கோடு 1 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தால் அந்தக் கயிறும் அந்த இறுக்கியும் ஒத்துப்போகவில்லை. பிறகு கலன்களை இறக்காமலே ஒரு கையால் அவிழ்க்கப் பாருங்கள். பிடிப்பதை எல்லாரும் சோதிக்கிறார்கள், விடுவதை யாரும் சோதிப்பதில்லை.

கட்டும்போது

மேலே பார்த்துவிட்டு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த கிளை, தென்னை, காய்ப்புக் காலத்து டுரியான் மரம் மூன்றும் ஆகாது. பட்டை மெல்லிசான மரமென்றால் 25 மி.மீ. நாடாவைச் சுற்றி அதில் கட்டுங்கள்.

முதல் மரத்தில் போலைன் முடிச்சு (இறுகிக்கொள்ளாத கண்ணி முடிச்சு). இறுக்கி ஒரு பக்கம் போதும், கூடாரத்துக்குள்ளிருந்து எட்டக்கூடிய பக்கம். நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக்கூடாது, மழையில் ஏணி தேட முடியாது.

ஐலெட் மெலிந்த நீல ஷீட் என்றால் கயிறு ஷீட்டுக்கு அடியில் ஓடட்டும், பாரம் முழு மடிப்பிலும் பரவும். அப்போது கயிற்றின் வழியே மழைநீர் உள்ளே வரும். ஷீட் தொடங்குவதற்கு ஒரு சாண் முன்னால், இரண்டு பக்கமும், ஒரு துண்டுப் பருத்தி நாடாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

ஷீட்டை இழுக்கும் பிரூசிக் கண்ணிக்கு முகட்டுக் கயிற்றைவிட மெலிந்த கயிறு வேண்டும்: 4 மி.மீ.க்கு 2.5 அல்லது 3 மி.மீ. ஒரு கண்ணிக்கு 60 செ.மீ. மூன்று சுற்று. அதே தடிமனில் போட்டால் கடிக்காது.

மழை பிடித்து 20 நிமிடத்தில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்குக் கரையில் சுமத்ரா ஸ்குவால் என்ற திடீர்ப் புயல்மழை விடியலுக்குச் சற்று முன் வந்து அடிப்பது வழக்கம். பினாங்கு பந்தாய் கெராச்சுட் மாதிரி கடற்கரையில் தங்குகிறவர்கள் படுக்குமுன்பே ஷீட்டைத் தாழ்த்தி, காற்று வரும் பக்கத்தைத் தரையோடு முளையடித்துவிட வேண்டும். ஈரத் துணியையும் விளக்கையும் முகட்டில் தொங்கவிடாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் அவையும் எடைதான். துணிக்கு வேறு கொடி கட்டுங்கள்.

கடல் பக்கம்

உப்புக் காற்றில் துத்தநாகம் பூசிய இரும்புக் கொக்கி சீக்கிரமே துரு பிடிக்கும். அனோடைஸ் செய்த அலுமினியம் அல்லது 316 ரக எவர்சில்வர் வாங்குங்கள். 304-இல் உப்பு பட்டால் பழுப்புப் புள்ளி விழும். கறுப்புப் பிளாஸ்டிக் பூட்டுகள் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமானால் வளைத்துப் பாருங்கள், விரிசல் விட்டால் குப்பைக்கு.

வீட்டுக்கு வந்ததும் இறுக்கியை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, கேம் சக்கரத்தை நாலைந்து முறை விரலால் ஆட்டி மணலை வெளியேற்றி, நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் விடவேண்டாம், அடுத்த முறை மணல் அதிலேயே ஒட்டும், கயிறும் வழுக்கும். உலர்ந்ததும் இறுக்கியைக் கயிற்றின் நுனியிலேயே கட்டி வையுங்கள். தனியாகப் பையில் போட்டது ஈர இலைச்சருகில் விழுந்தால் விடிந்தாலும் கிடைக்காது.