வசைப் பின்னூட்டங்களிடமிருந்து செய்தியைக் காப்பது எப்படி?

பொதுநலச் செய்தி ஒன்றை இணையத்தில் வெளியிடுகிறவர்கள், வெளியிட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். வாசகரோ செய்தியையும் அதன் கீழே குவியும் பின்னூட்டங்களையும் சேர்த்தே படிக்கிறார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 1,183 பேருக்கு நானோ வெள்ளி (மிக நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம்) பற்றிய ஒரே கட்டுரை தரப்பட்டது; சிலருக்கு அதன் கீழே நாகரிகமான பின்னூட்டங்களும், சிலருக்கு அதே கருத்துகளோடு வசைச் சொற்கள் கலந்தவையும் காட்டப்பட்டன. வசையைப் படித்தவர்களில் அத்தொழில்நுட்பத்தை ஆதரித்தவர்கள் ஆபத்தைக் குறைவாகவும், ஆதரிக்காதவர்கள் மிகுதியாகவும் மதிப்பிட்டார்கள். வசை எந்தப் புதிய தகவலையும் தரவில்லை. ஆயினும் ஒரே கட்டுரையைப் படித்தவர்களை இரு கரைகளுக்குத் தள்ளிவிட்டது.

ஆகவே, காவல் வேலையை வெளியிடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். எவை ஏற்கப்படும், எவை நீக்கப்படும் என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுதி, பின்னூட்டப் பகுதியின் உச்சியிலேயே நிலையாக வைத்துவிடுங்கள். ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் அறிவியல் குழுமத்தில் இவ்வாறு விதிகளை மேலே காட்டிச் சோதித்தபோது, விதிக்கு உட்பட்டு எழுதும் புதியவர்களின் விகிதம் 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. விதி சொன்னால் பேச்சு அடங்கிப்போகும் என்ற அச்சத்துக்கும் அதில் பதில் உண்டு: பங்கேற்ற புதியவர்களின் எண்ணிக்கை கூடவே செய்தது.

வெளியிட்ட பிறகு முதல் சில மணி நேரம் அருகிலேயே இருங்கள். முதலில் வரும் குரல்களே பின்வருபவற்றின் தொனியைத் தீர்மானிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டியபடி, மனநிலை கெட்டிருக்கும் நேரத்தில் பிறரது வசைகளையும் கண்ணுற்றால், சாதாரண மனிதர்களே வசை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வம்பர்கள் என்று தனிச் சாதி ஒன்று இருப்பதாக நாம் நினைத்துக்கொள்வது நமக்கு வசதியான கற்பனைதான்.

இனி, பதில் எழுதும் கடினமான வேலை. பின்னூட்டத்தில் மறுப்பு எது, வசை எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். காரமான மொழியில் வந்தாலும் காரணத்தோடு வரும் மறுப்பு வசை ஆகாது. அதை நீக்கினால் எதையோ மறைக்கிறீர்கள் என்ற ஐயம்தான் வளரும். திட்டியவரைத் திருத்திவிடலாம் என்ற ஆசை எளிதில் விடாது என்றாலும், உங்கள் பதில் அவருக்கானதன்று. எதுவும் எழுதாமல் படித்துவிட்டுப் போகிற பெருங்கூட்டத்துக்கானது. அறிவியலை மறுப்போருக்குப் பதிலளிப்பதைச் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சரியான தகவலைச் சொல்வதும், எதிராளி கையாளும் தந்திரத்தைச் சுட்டுவதும் தனித்தனியே பயன் தருகின்றன என்றும், இரண்டையும் சேர்த்துச் சொல்வதால் கூடுதல் பயன் தெரியவில்லை என்றும் கண்டது. ஆகவே உங்களுக்கு நன்கு கைவந்த ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒரே ஒரு முறை, சுருக்கமாக, ஏளனமில்லாமல் எழுதி நிறுத்திவிடுங்கள். நீங்களும் ஏளனத்தில் இறங்கினால் வாசகர் கண்ணுக்கு அது இருவர் சண்டையாகிவிடும், செய்தி பின்னே போய்விடும்.

மிரட்டலையும் தனிமனித இழிவையும் பொறுத்தவரை விவாதம் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நீக்கிவிடுங்கள். கவனிக்க ஆளே இல்லையென்றால் பின்னூட்டப் பகுதியை மூடுவதிலும் தவறில்லை. 'பாப்புலர் சயின்ஸ்' என்ற அமெரிக்க அறிவியல் இதழும் 2013 செப்டம்பரில் தன் பின்னூட்டப் பகுதியை மூடியது. ஆனால் நல்ல கேள்விகளும் அதோடு வெளியே நின்றுவிடும் என்பதால், நான் அதைக் கடைசி வழியாகவே கொள்வேன்.

வசையின் நடுவே உண்மையான பிழை சுட்டப்பட்டிருக்கவும் கூடும். அப்படியானால் செய்தியைத் திருத்தி, திருத்திய நாளையும் குறித்து, சுட்டியவரின் தொனியைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காமல் நன்றி மட்டும் எழுதுங்கள்.