சாங்ஷன் கடிதம் வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள்

பிரித்தானியாவில் வேலை இல்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு தரும் உதவிக் காசு யூனிவேர்சல் கிரெடிற். அதன் இணையக் கணக்கில் செய்திகள் வந்துபோகும் பக்கம் ஜேர்னல். அங்கே வந்த கடிதத்தில் ‘சாங்ஷன்’, அதாவது தண்டனையாகக் காசை வெட்டுவது, என்ற சொல்லைக் கண்டதும் போனை மூடி வைத்த நான், பதினொரு நாள் அதைத் திரும்பத் திறக்கவில்லை. அரசாங்கம் எடுத்த முடிவை யார் மாற்றுவது என்று ஊரில் பழகிய மனது. பன்னிரண்டாம் நாள் லண்டன் ஈஸ்ற்ஹாமில் மரக்கறிக் கடை வாசலில் தெரிந்த அக்கா ஒருவரைக் கண்டேன். ஆலோசனை நிலையமொன்றில் தொண்டராக இருப்பவர். போனை வாங்கிப் பார்த்தவர் காசை ஏன் நிப்பாட்டினார்கள் என்று கேட்கவில்லை. “தம்பி, இதில என்ன திகதி போட்டிருக்கு?” என்றுதான் கேட்டார்.

அந்தத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். ‘மண்டேற்றரி ரீகொன்சிடரேஷன்’ என்பது அதன் பெயர், சுருக்கமாக எம்.ஆர். என்பார்கள். மாதம் கடந்துவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். பிந்தியதற்கு நல்ல காரணம் இருந்தால் 13 மாதம் வரை கேட்கலாம், ஆனால் ஏற்பதும் மறுப்பதும் காசு தரும் திணைக்களத்தின் கையில். 0800 328 5644 இலவச இலக்கத்தில் வாயாலும் கேட்கலாம். நான் ஜேர்னலில் எழுதச் சொல்வேன், எழுதிய நாளும் நேரமும் அதிலேயே பதிந்திருக்கும். அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அப்படியே போடுங்கள். “எனக்கு இது சரியில்லை, பாருங்கோ” என்று மட்டும் எழுதினால் அது ஒரு சாதாரண மெசேஜாகவே கிடந்துவிடும்.

சந்திப்புக்குப் போகாததற்காக வந்த சாங்ஷன் என்றால், அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்றைக்கே வேர்க் கோச்சுக்கு (உங்கள் வேலை தேடலைக் கவனிக்கும் உத்தியோகத்தர்) எழுதிப் புதிய சந்திப்பு கேளுங்கள். நீங்கள் திரும்பத் தொடர்பு கொண்டு அதைச் சரிசெய்யும் வரை நாள் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல்தான் முதல் தடவைக்கு 7 நாள், ஒரு வருடத்துக்குள் இரண்டாம் தடவை என்றால் 14, மூன்றாவதுக்கு 28. நான் போனை மூடி வைத்த பதினொரு நாளும் என் தலையில்தான் ஏறின.

என் சந்திப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.10க்கு. மனைவி விடியற்புறத் துப்புரவு வேலைக்குப் போயிருந்தாள். 6.50க்கு மகளுக்கு இழுப்புத் தொடங்கியது. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. 7.34க்கு ஆஸ்பத்திரியில் பதிந்தார்கள். 11.40க்குத்தான் போன் எடுத்தேன். 38 நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன், பற்றரி செத்துவிட்டது. மறுநாள் காலை ஜேர்னலில் எழுதினேன். நல்ல காரணம் இல்லை என்று முடிவு வந்தது.

எம்.ஆருக்கு நான் முதலில் எழுதியது ஒரு பக்கம். இந்த நாட்டில் எத்தனை வருடம் வரி கட்டினேன், ஒரு நாளும் களவாகக் காசு எடுத்ததில்லை, என்னை இப்படி நடத்தலாமா என்றெல்லாம். அக்கா பேனையை எடுத்து மேலிருந்து கீழாக ஒரே கோடு போட்டார். “நீங்கள் நல்ல மனிசன் எண்டு அவைக்குத் தெரிய வேண்டாம். அண்டைக்கு ஏன் வர ஏலாமல் போனது, ஏன் சொல்ல ஏலாமல் போனது. இது ரெண்டையும் எழுதுங்கோ.” மேலே சொன்ன நேரங்களை வரிக்கு ஒன்றாக எழுதினோம். ஆஸ்பத்திரி தந்த டிஸ்சார்ஜ் கடிதத்தில் 7.34 அச்சாகியிருந்தது, அதன் படம். போனில் அழைப்புப் பட்டியல், அதன் படம். அவ்வளவுதான். நல்ல காரணங்கள் இவை என்று சட்டத்தில் பட்டியல் கிடையாது. ஒவ்வொருவருடைய நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், ஆகவே உங்கள் நிலை கடுதாசியில் இருக்க வேண்டும்.

ஐந்து கிழமையில் பதில் வந்தது: மாற்றமில்லை. எனக்குத் தெரிந்த பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிட்டார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அதுவரை உங்கள் விஷயத்தைப் பார்த்தது காசை நிறுத்திய அதே திணைக்களம். ஒரு நீதிபதி பார்ப்பது அடுத்த படியில்தான். அந்தப் பதில் கடிதத் திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் ட்ரைபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போட வேண்டும். இணையத்திலோ எஸ்.எஸ்.சி.எஸ்.1 படிவத்திலோ போடலாம், கட்டணம் இல்லை. எம்.ஆர். பதிலின் பிரதியையும் சேருங்கள். கடுதாசியை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் போதுமா, நேரில் அல்லது போனில் பேச விருப்பமா என்று கேட்பார்கள். பேச வேண்டும் என்று போடுங்கள். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் போடுங்கள், அதற்கும் காசில்லை. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தகப்பன் காசுக்காகக் கெஞ்சுவதாக அது நினைக்கும்.

என் விசாரணை போனில் 25 நிமிடம். “10.10க்கு முன் ஏன் அழைக்கவில்லை?” என்று நீதிபதி கேட்டார். மகளின் முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், விட்டால் அவள் கழற்றிவிடுவாள் என்றேன். முடிவு மாறியது. பிடித்த காசு திரும்பி வந்தது.

அதற்குள் ஏழு மாதம் போய்விட்டது. அதுவரை சமாளிக்க இவை தெரிந்திருக்கட்டும். சாங்ஷன் பிடிப்பது ஸ்ராண்டர்ட் அலவன்ஸ் என்ற அடிப்படைத் தொகையில் மட்டும். வாடகைப் பகுதியிலும் பிள்ளைகளின் பகுதியிலும் கை வைப்பதில்லை. கணவன் மனைவி சேர்ந்த கிளெய்மில் ஒருவருக்கு வந்தால் பாதிதான் போகும். சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால் ஹாட்ஷிப் பேமென்ற் கேட்கலாம். வெட்டிய தொகையில் ஏறக்குறைய 60 சதவீதம் தருவார்கள், ஆனால் அது கடன், பிறகு கழிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டும்.

ஆகவே உங்கள் ஊர்க் கவுன்சிலையும் (உள்ளூராட்சி சபை) கேளுங்கள். முன்பு மத்திய அரசு அவசரத்துக்குக் கொடுத்த கிரைசிஸ் லோன் 2013 ஏப்ரலில் நின்று, அந்தப் பொறுப்பு இங்கிலாந்தில் கவுன்சில்களுக்குப் போனது. 2021 இறுதியில் தொடங்கி, கவுன்சில்கள் வழியாக உதவி தந்த ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்டின் இடத்துக்கு 2026 ஏப்ரலில் கிரைசிஸ் அன்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் வந்திருக்கிறது. படிவமும் தொகையும் ஊருக்கு ஊர் வேறு, லண்டனுக்குள்ளேயே நியூஹாமில் இருப்பது ஹரோவில் இராது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் ஸ்கொட்டிஷ் வெல்ஃபெயர் ஃபண்டைத் தேடுங்கள். கேட்கும்போது “கஷ்டம்” என்று பொதுவாக எழுதாமல் “மின்சார மீற்றரில் 1.20 பவுண் இருக்கிறது, வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை” என்று எழுதுங்கள்.

விசாவில் பொதுநிதி (அரச உதவிக் காசு) பெற முடியாது என்ற நிபந்தனை இருப்பவர்கள், கவுன்சில் படிவத்தைத் தொடுவதற்கு முன் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கட்டாயம் கேளுங்கள். உணவு வங்கிக்கு அந்தப் பயம் வேண்டாம். ட்ரஸல் என்ற தொண்டு நிறுவனத்தின் உணவு வங்கிகளுக்குப் பெரும்பாலும் வவுச்சர் வேண்டும். டொக்டர், பள்ளிக்கூடம், சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையம் மூலம் எடுக்கலாம். மகளின் பள்ளிக்கூட அலுவலகத்தில் கேட்க எனக்கு இரண்டு கிழமை வெட்கம். அங்கிருந்த பெண் இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்தார், மூன்று நாள் சாப்பாடு கிடைத்தது. சீக்கியர் கோயிலான குருத்வாராவில் சாப்பாட்டுக்கு வவுச்சரும் கேட்பதில்லை, யாரென்றும் கேட்பதில்லை.

படிவம் நிரப்ப எங்கள் ஆட்கள் சிலர் காசு வாங்குகிறார்கள். கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் சிற்றிசன்ஸ் அட்வைஸ் இலவச இலக்கம் 0800 144 8848. யூனிவேர்சல் கிரெடிற் இலக்கத்தில் பேச மொழி தடையாக இருந்தால், ஆள் வந்ததும் “தமிழ் இன்ரர்பிரிற்றர்” என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு லைனில் நில்லுங்கள். தமிழ் பேசும் ஒருவரைச் சேர்த்துவிடுவார்கள்.