படகு எஞ்சினுக்குள் உப்பு தின்னாமல் காப்பது எப்படி: பினாங்குத் தண்ணீருக்கு ஏற்ற பராமரிப்பு

பத்து மாவுங், தெலுக் கும்பார், தெலுக் பஹாங் ஜெட்டிகளில் கட்டிக் கிடக்கும் படகுகளைத் திறந்து பார்த்தால் ஒன்று தெரியும். நாள்தோறும் கடலுக்குப் போகும் எஞ்சினைவிட, மாதம் ஒருமுறை கிளப்பும் எஞ்சின்தான் உள்ளே அதிகம் அரித்திருக்கும். பம்ப் நின்றதும் குழாய்களுக்குள் தேங்கும் உப்புநீர்தான் திருடன். நம் கடல் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பு. அதோடு ஆற்றுமுகத்துச் சேறும் சேர்கிறது. குளிர்நாட்டுக்காரன் எழுதிய கையேட்டில் “ஆண்டுக்கு ஒருமுறை” என்றிருந்தால், இங்கே அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதே நல்லது.

படகுக்குள்ளேயே பொருத்திய இன்போர்டு டீசல் எஞ்சின் பெரும்பாலானவற்றில் இரண்டு நீர்ச்சுற்றுகள் உண்டு. வெளிச்சுற்றில் கடல்நீரானது வால்வு, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), ரப்பர் இம்பெல்லர் (இறகுச் சக்கரம்) பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் வெப்பத்தைக் கடல்நீருக்கு மாற்றும் பகுதி) வழியாகப் போய், புகையோடு கலந்து வெளியேறும். உள்சுற்றில் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே சுற்றும். இரண்டும் அரிக்கும், ஆனால் வெவ்வேறு காரணத்தால்.

கடல்நீர்ப் பக்கத்தைக் கழுவுதல்

ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்கள் வழக்கமாகச் செம்பு-நிக்கல் கலவை. சுத்தமான கடல்நீர் ஓடினால் அவற்றின்மேல் மெல்லிய காப்புப் படலம் தானாகவே படியும். வற்றத்தில் காண்டாமரச் சேற்றிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கந்தக நீர் குழாயில் தேங்கினால் படலம் கெடும், குழாய் கறுத்து ஊசித்துளை விழும். அதனால் புதிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாட்டியவர்கள் முதல் சில வாரம் ஜெட்டியோரத்தில் சும்மா ஓட்டாமல், வெளியே தெளிந்த நீரில் ஓட்டுவது நல்லது.

இரண்டு மூன்று நாளுக்கு மேல் படகைக் கட்டப்போகிறீர்கள் என்றால் குழாய்த் தண்ணீரால் கழுவ வேண்டும். கடல்நீர் வால்வை மூடி, ஸ்ட்ரெய்னர் மூடியைத் திறந்து, உள்ளே ஹோஸை விடுங்கள். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உடனே குழாயைத் திறக்க வேண்டும். ஸ்ட்ரெய்னர் எப்போதும் நிரம்பியிருக்கும்படி தண்ணீர் விட்டு, ஐடிலில் 5 முதல் 10 நிமிடம் ஓட்டினால் போதும். முடிக்கும்போது குழாயை மூடிய கையோடு எஞ்சினையும் நிறுத்துங்கள்.

இந்த வரிசை மாறக் கூடாது. எஞ்சின் நிற்கும்போது அழுத்தத்தோடு தண்ணீரை உள்ளே தள்ளினால், அதை வெளியே துப்பப் புகை இருக்காது. மஃப்ளர் (புகைச் சத்தத்தை அடக்கும் பெட்டி) நிரம்பி, தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகத் திரும்பிச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். துரு பிடிக்காமல் இருக்கச் செய்த வேலை எஞ்சினையே முடித்துவிடும். வால்வு மூடியிருப்பது மறந்துபோகாமலிருக்க, எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டி வையுங்கள்.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டுக்கு வேறு முறை. அதில் கடல்நீர் நேராக பிளாக்குக்குள் ஓடுவதால், தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குச் சூடேற வேண்டும். இல்லையென்றால் நல்ல தண்ணீர் சிலிண்டர் பக்கம் போகவே போகாது. நீர் உறிஞ்சும் துளைகள்மேல் காதுமூடி போன்ற ரப்பர் கிண்ணத்தை மாட்டி, புரொபெல்லரைக் கழற்றிவிட்டு, குறைந்தது 10 நிமிடம் ஓட்டுங்கள். பக்கவாட்டில் ஹோஸ் மாட்டும் வாய் உள்ள மாடல்கள் பலவற்றில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கழுவ வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

சிங்க்: தேய்ந்தால்தான் நல்லது

ஹீட் எக்ஸ்சேஞ்சர், கியர் ஆயில் கூலர், சில எஞ்சின்களில் ஆஃப்டர்கூலர் (உள்ளே போகும் காற்றைக் குளிர்விப்பது) ஆகியவற்றில் பென்சில் மாதிரி ஒரு துத்தநாகக் கம்பி (சிங்க்) பித்தளைத் திருகில் பொருத்தப்பட்டிருக்கும். வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்தால் அதுவே ஒரு சிறு பேட்டரி. துத்தநாகம் மற்ற உலோகங்களுக்கு முன்னால் தன்னைக் கரைத்துக்கொண்டு அவற்றைக் காக்கும்.

முதல் முறை 4 வாரத்தில் கழற்றிப் பார்த்து, தேய்ந்த அளவை வைத்து உங்கள் இடைவெளியைத் தீர்மானியுங்கள். பாதி தேய்ந்ததும் மாற்ற வேண்டும். முழுக்கத் தேயும்வரை காத்திருந்தால் அடுத்து தேய்வது குழாய்தான். வால்வை மூடிக் கழற்றுங்கள். கம்பி ஊதியிருந்தால் உடைந்து உள்ளே விழும். அப்போது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முனைமூடியைத் திறந்து துண்டுகளை எடுத்தே ஆக வேண்டும், விட்டால் குழாய் வாயை அடைக்கும். புதுக் கம்பி குழாய்க் கட்டில் இடித்தால் முனையை அறுத்துக் குறையுங்கள். திருகில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். கம்பிக்கும் எஞ்சின் உடம்புக்கும் மின்தொடர்பு இருந்தால்தான் வேலை செய்யும். மல்டிமீட்டரில் அளந்தால் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

பல மாதமாகியும் சிங்க் புத்தம் புதிதாக இருந்தால் மகிழாதீர்கள், தொடர்பு விட்டிருக்கிறது என்று பொருள். ஆற்றுமுகத்தில் நன்னீர் கலந்த இடத்தில் வெள்ளைப் பொருக்கு மூடிச் செயலிழப்பதும் உண்டு. இதற்கு நேரெதிராக, இரண்டே வாரத்தில் காணாமல் போனால் மின்கசிவைத் தேடுங்கள். பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் நீரை இறைப்பது) வயரும், கரையிலிருந்து எடுத்த மின்சாரமும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை.

கூலண்ட்

பனியில்லாத ஊரில் கூலண்ட் எதற்கு, பச்சைத் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. உறையாமலிருப்பது நமக்குத் தேவையில்லை, உண்மை. ஆனால் துருத்தடுப்பு மருந்து அந்தப் போத்தலில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரினும் தாதுக்களும் இருப்பதால், காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். பெட்ரோல் ஸ்டேஷனில் விற்கும் பேட்டரி வாட்டர் இதற்கு ஆகும், ஆனால் பக்கத்திலேயே ஆசிட் போத்தலும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கொள்ளளவு 9 லிட்டர் என்றால் கெட்டிக் கூலண்ட் (நீர் கலக்காதது) 4.5 லிட்டர். பழையதை வடித்துக் கழுவியபின் பிளாக்குக்குள் ஒன்றிரண்டு லிட்டர் நீர் மிஞ்சியே தீரும். ஆகவே கெட்டிக் கூலண்டை முழுக்க முதலில் ஊற்றி, மீதியை நீரால் நிரப்புங்கள். அதிகம் ஊற்றினால் அதிகக் காப்பு என்பது தவறு. 60 சதவீதத்தைத் தாண்டினால் வெப்பம் கடத்தும் திறன் குறையும்.

நிறத்தை நம்பி வகைகளைக் கலக்காதீர்கள். ஒரே பச்சையில் இரு வேறு வேதிமுறைகள் இருக்கலாம், சேர்ந்தால் கூழ் கட்டும். பழைய சிலிக்கேட் வகைக்கு 2 ஆண்டு, நீண்டகால வகைக்கு 5 ஆண்டு என்பது பொதுவான கணக்கு. இடையில் பரிசோதனைத் தாளில் பிஎச் 7.5-க்குக் கீழே இறங்கினால் மருந்து தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். ஈர லைனர் (கூலண்ட் நேராகத் தொடும் சிலிண்டர் உறை) உள்ள டீசலுக்குக் கனரக டீசல் கூலண்ட்தான் சரி. லைனரின் அதிர்வில் குமிழி வெடித்து வெடித்து உலோகத்தைக் குழிக்கும், சாதாரணக் கார் கூலண்ட் அதைத் தடுக்காது.

கூலண்ட் ஊற்றும் வாயில் இருக்கும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் காற்று உள்ளே போகும், காற்றோடு ஆக்சிஜனும் போகும். சில ரிங்கிட் மூடிதான், சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம். வெளியே ஒழுகல் எதுவும் தெரியாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தால், ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய் துளைத்து அது கடலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கைப்பம்பால் மூடியில் எழுதிய அழுத்தம்வரை ஏற்றிப் பாருங்கள், முள் இறங்கினால் எங்கோ ஒழுகுவது உறுதி. பழைய கூலண்டைக் கடலிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிச் சாகும்.

உப்புப் பொருக்கு படிந்துவிட்டால்

டைல்ஸ் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸையும் தின்னும். கேக் சாமான் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 100 கிராம், வெதுவெதுப்பான நீரில். முதலில் சிங்குகளைக் கழற்றி வெறும் திருகு போடுங்கள், இல்லாவிட்டால் அமிலம் அவற்றைத்தான் முதலில் கரைக்கும். வாளியும் சிறு பிளாஸ்டிக் பம்பும் வைத்துக் கடல்நீர்ப் பக்கத்தில் மட்டும், நுரை அடங்கும்வரை, அரை மணி நேரம் சுற்ற விடுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீர், கடைசியில் நல்ல தண்ணீர். குழாய்க்குள் அடைப்பைத் தள்ள மரக்குச்சி போதும், இரும்புக் கம்பி கீறிவிடும். முனைமூடியின் ஓ-ரிங் எப்போதும் புதிது போடுங்கள்.

இம்பெல்லரை மாற்றும்போதெல்லாம் பழையதன் இறகுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் சிக்கியிருக்கும், அதற்குப் பின்னால் நீர் தேங்கும் இடத்தில்தான் அரிப்பு தொடங்கும்.

எக்ஸாஸ்ட் எல்போவை, அதாவது புகைக்குழாயின் வளைவைத்தான் பலரும் மறக்கிறார்கள். கொதிக்கும் புகையும் உப்புநீரும் சந்திக்கும் இடம் அது. வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளே காகிதமாக மெலிந்திருக்கும். 2 ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, ஸ்க்ரூடிரைவர் முனையால் உள்சுவரைக் குத்திப் பாருங்கள். இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தாலோ, கரியும் துருவும் சேர்ந்து வாயை மூன்றில் ஒரு பங்கு அடைத்திருந்தாலோ, வெல்டிங் வைக்காமல் புதியதையே வாங்குங்கள்.