பழைய ஆங்கில வினைச்சொல்லுக்கு வேர் தேடுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

சொல்லின் வேரைத் தேடப் புதிதாக இறங்கியவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்தால், இருபது வருடத்துக்கு முன் நான் எழுதியதையே யாரோ நகலெடுத்தது போலிருக்கிறது. எழுத்துப் பிழை, ஆண்டுப் பிழையெல்லாம் விடுங்கள், பழகப் பழகப் போய்விடும்.

இன்றைய முகத்தைப் பார்த்து வேரைச் சொல்வது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் 'மீதிங்க்ஸ்' (methinks) என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மீ' இருக்கிறது, 'திங்க்' இருக்கிறது, அப்புறம் என்ன? 'நான் நினைக்கிறேன்' என்பதன் கொச்சை வடிவம் என்று பாடக் குறிப்பில் எழுதிவிட்டேன். 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'மீ' ஏன் என்று கேட்ட மாணவனிடம், அந்தக் காலத்தில் இலக்கணம் கொஞ்சம் தளர்வு என்று சமாளித்தேன். முந்நூறு பிரதி அச்சாகிப் போன பிறகு, ஒரு மூத்த ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'எனக்குத் தோன்றுகிறது' என்று மட்டும் எழுதி அனுப்பினார். என்ன தோன்றுகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டாரே என்று இரண்டு நாள் குழம்பினேன். அவர் எழுதியது கருத்தில்லை, அந்தச் சொல்லின் பொருள்!

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. 'தெஞ்ச்சன்' என்றால் நினைப்பது; 'த்யுஞ்ச்சன்' என்றால் தோன்றுவது. காலப்போக்கில் ஒலி மயங்கி இரண்டும் 'திங்க்' ஆகிவிட்டன. ஜெர்மனில் 'டெங்கன்', 'டுங்கன்' என்று இன்றும் தனித்தனி. இங்கே 'மீ' என்பது நான்காம் வேற்றுமை, நம் 'எனக்கு'. கடைசி 'ஸ்' படர்க்கை விகுதி, 'தோன்றுகிறது' என்பதில் உள்ள 'து' மாதிரி. 'எனக்குப் பசிக்கிறது' என்று தினமும் சொல்கிற நமக்கே இது பிடிபடவில்லை என்பதுதான் வெட்கம். விகுதி ஒன்று உங்கள் விளக்கத்துக்குள் அடங்காவிட்டால் விளக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நான் இலக்கணத்தைச் சந்தேகித்தேன். மறு அச்சுச் செலவு என் பையிலிருந்து போனது.

'க்வோத்'துக்கும் 'கோட்'டுக்கும் முடிச்சுப் போடுவது

'க்வோத்' (quoth) என்றால் 'என்றான்'. மேற்கோள் காட்டுவதைக் குறிக்கும் 'கோட்' (quote) இலத்தீன் வழி வந்த வேறு வீட்டுப் பிள்ளை. உறவு பார்ப்பதானால் உயிலில் சொத்தை எழுதி வைப்பதைக் குறிக்கும் 'பிக்வீத்'தை (bequeath) பாருங்கள்.

எழுத்து இடம் மாறியதைக் கவனிக்காதது

'ராட்' (wrought) என்பது வேலை செய்வதைக் குறிக்கும் 'வர்க்'கின் (work) பழைய இறந்தகாலம். அழிவை விளைவிப்பது என்று பொருள்படும் 'ரீக்' (wreak) என்ற வினையோடு சேர்க்காதீர்கள். ரகரம் முன்னால் தாவிவிட்டது, அவ்வளவுதான். மதுரை மருதை ஆகவில்லையா?

'இவிஸ்'ஸை உடைப்பது

'இவிஸ்' (iwis) என்பது 'நிச்சயமாக' என்று பொருள்படும் ஒரே சொல். பிற்காலக் கவிஞர்களே அதை 'ஐ விஸ்' என்று பிரித்து, 'நான் அறிவேன்' என்று ஏமாந்தார்கள். அது வினையே இல்லை.