என்ஜின் ஆயில் மாதிரி எடுப்பது எப்படி: ஒரு பாட்டிலை வீணாக்கிய பிறகு தெரிந்துகொண்டவை

ஓடிய ஆயிலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்க ஒரு மாதிரியை லேபுக்கு அனுப்பியிருந்தேன். முதல் ரிப்போர்ட் வந்த அன்று அரை நாள் காரின் ஏர் ஃபில்டர் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். காரணம், சிலிக்கான் அளவு எகிறியிருந்தது. சிலிக்கான் என்றால் பெரும்பாலும் மண், தூசி. என்ஜினுக்குள் தூசி போக வேண்டுமானால் காற்று போகும் வழியாகத்தான் போக வேண்டும். கிளிப், ரப்பர் குழாய், பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எங்கும் விரிசல் இல்லை.

பிறகுதான் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தேன். தூசி உள்ளே போய் உலோகத்தை அரைத்திருந்தால் இரும்பும் அலுமினியமும் கூடவே ஏறியிருக்கும். இரண்டும் சாதுவாக இருந்தன. தூசி போனது என்ஜினுக்குள் அல்ல, நான் நீட்டிய பாட்டிலுக்குள்.

எவ்வளவு தூசி போனால் இப்படி ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 மில்லி ஆயில் ஏறக்குறைய 87 கிராம். மணலின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு சிலிக்கான். ஆக 2 மில்லிகிராம் நுண்மணல் விழுந்தாலே 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கூடிவிடும். விரல் நுனியில் ஒட்டியிருந்தால் கவனிக்காமலே விட்டுவிடும் அளவு அது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

தேவையானவை

லேப் அனுப்பும் பாட்டில், நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, பஞ்சு உதிராத துணி, வடிதட்டு, டிரெயின் பிளக்குக்கு (ஆயிலை வடிக்கும் திருகுக்கு) பொருந்தும் சாக்கெட், புது வாஷர். சாக்கெட்டில் ஆறுபட்டைதான் என் கட்சி. பன்னிரண்டு பட்டை சாக்கெட்டும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் பிளக்கின் முனையை மழுக்கிவிடும். வீட்டில் கிடக்கும் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். சோப்பில் மிஞ்சும் சோடியத்தை ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு, சோடியம் கலந்த கூலன்ட் கசிகிறதோ என்று பயந்துபோவீர்கள்.

படி 1: வண்டியைச் சூடாக்குங்கள்

நின்ற இடத்தில் ஐடிலில் விடுவது போதாது. 20 நிமிடமாவது ஓட்டுங்கள். அடியில் படிந்த துகள்கள் அப்போதுதான் ஆயிலோடு கலக்கும். கிளம்புவதற்கு முன் புது ஆயில் டாப்-அப் செய்யாதீர்கள். திரும்பி வந்து 10 நிமிடம் ஆறவிட்டு, அரை மணிக்குள் மாதிரியை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆறினாலும் ஆயில் கையைப் பொசுக்கும் சூட்டில்தான் இருக்கும். வண்டியைத் தூக்குவதானால் ஸ்டாண்டு மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது.

படி 2: நான் கோட்டைவிட்ட இடம்

பிளக்கைத் தொடுவதற்கு முன் அதைச் சுற்றித் துடையுங்கள். மேலோட்டமாக அல்ல. பிளக்கின் தலைக்கும் சம்ப்புக்கும் (ஆயில் தேங்கும் அடித்தொட்டிக்கும்) நடுவே ஒரு வளையம் மாதிரி அழுக்கு சேர்ந்திருக்கும். துணியை நகத்தில் சுற்றி அந்த இடுக்கை ஒரு முழுச் சுற்று சுற்றி எடுங்கள். துணியைத் திருப்பி, சுத்தமான பக்கத்தால் மறுபடி ஒருமுறை. துணியில் கறை வராத வரைக்கும் இதுதான் வேலை.

இனி சாக்கெட்டால் தளர்த்திவிட்டு, மீதியைக் கையால் திருகுங்கள். திருகும்போதே பிளக்கை உள்பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால் கடைசி மரை வரை ஆயில் ஒழுகாது. கடைசி மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் இழுங்கள். முதல் வீச்சு எதிர்பார்ப்பதைவிடத் தள்ளிப் போய் விழும். தட்டை அதற்கேற்ப வையுங்கள்.

அந்த முதல் வீச்சைத்தான் நான் பாட்டிலில் பிடித்தேன். துளையின் விளிம்பில் இருந்ததையெல்லாம் கழுவிக்கொண்டு வருவது அதுதானே! அதை ஓடவிடுங்கள். 4 லிட்டர் சம்ப் என்றால் ஒரு லிட்டராவது போகட்டும். அதன் பிறகு பாட்டிலின் மூடியைத் திறந்து, உள்பக்கம் கீழே பார்க்கும்படி மறு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தரையில் வைக்காதீர்கள். ஓடும் தாரைக்குள் பாட்டிலை நீட்டி முக்கால் அளவு பிடித்து உடனே மூடுங்கள். கழுத்து வரை நிரப்பினால் லேபில் குலுக்கிக் கலக்க இடம் இருக்காது.

கடைசியில் சொட்டும் ஆயில் வேண்டாம், அடியில் படிந்த கசடு அதில் வரும். தட்டில் விழுந்ததை அள்ளி ஊற்றுவதும், பழைய ஃபில்டரைக் கவிழ்த்துப் பிடிப்பதும் கூடவே கூடாது.

ஆயில் மாற்றாமல் மாதிரி மட்டும் வேண்டுமென்றால்

கையால் இழுக்கும் வாக்கூம் பம்ப் இருக்கிறது. 'வாம்பயர் பம்ப்' என்றும் சொல்வார்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாய் வழியாக மெல்லிய டியூபை இறக்கி உறிஞ்ச வேண்டியதுதான். அடிக்கடி சோதிப்பவர்களுக்கு இதுவே மேல் என்பேன், வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். டியூப் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும்.

டியூபை டிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பிடித்து, பிடி உட்காரும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே தள்ளக்கூடாது. தள்ளினால் முனை சம்ப்பின் அடியைத் தொட்டுக் கசடை உறிஞ்சும். கோட்டுக்கு மேலே பம்ப் வரை எட்டும் நீளம் விட்டு நறுக்குங்கள். பம்பின் தலைக்குக் கீழே பாட்டிலுக்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் டியூப் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் பம்புக்குள் ஏறும், அடுத்த மாதிரியையும் கெடுக்கும். என்ஜின் அணைந்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: படிவம்

சோம்பல்படாமல் நிரப்புங்கள். 20 பிபிஎம் இரும்பு 2,000 கிலோமீட்டர் ஓடிய ஆயிலில் இருந்தால் ஒரு பொருள், 10,000 ஓடியதில் இருந்தால் வேறு பொருள். வண்டி ஓடிய மொத்தத் தூரம், இந்த ஆயில் ஓடிய தூரம், ஆயிலின் பெயர், 5டபிள்யூ-30 போன்ற கிரேடு, இடையில் எவ்வளவு டாப்-அப் செய்தீர்கள், எல்லாம் வேண்டும். பலர் விட்டுவிடுவது டாப்-அப் கணக்கைத்தான். 4 லிட்டரில் ஒரு லிட்டர் புதிதாகச் சேர்ந்திருந்தால் உலோக அளவு நீர்த்துப்போய், என்ஜின் உள்ளதைவிட நல்ல பிள்ளையாகத் தெரியும்.

பாட்டிலின் வெளிப்புறத்தைத் துடைத்து, ஜிப் பைக்குள் போட்டு அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை 1: டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய கார்களுக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். டிரெயின் பிளக் வழிதான் எளிது. ஆயில் ஊற்றும் வாய் வழியாக டியூபை விட்டுப் பார்க்காதீர்கள், நடுவில் எங்காவது சிக்கிக்கொள்ளும்.

பிற்சேர்க்கை 2: பிளக்கைச் சுற்றித் துடைத்தும், நடுத்தாரையில் பிடித்தும் ஒருவருக்குச் சிலிக்கான் குறையவில்லை. விசாரித்ததில், சமீபத்தில் சம்ப்பைக் கழற்றிச் சீலன்ட் தடவி மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சீலன்ட்டிலும் சிலிக்கான் உண்டு. இரும்பும் அலுமினியமும் ஏறவில்லை என்றால் அடுத்த ஆயில் மாற்றத்தில் மறுபடி மாதிரி எடுத்துப் பாருங்கள், அதற்குள் ஏர் ஃபில்டர் பெட்டியைக் குடைய வேண்டாம்.