நாயனத் தட்டைக் கேட்டு வயலின் பழகும்போது

நாயன (நாதஸ்வர) வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டைக் கேட்டவர்களில், அதைத் தன் வாத்தியத்தில் கொண்டுவர ஆசைப்படாதவர் குறைவு. வாய்ப்பாட்டுக்காரரான ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களிலேயே, அதாவது அதிவேக ஸ்வரக் கோவைகளிலேயே, நாயனத்தின் சாயல் உண்டு. ஆசை நல்லதுதான். அதைத் தொடங்கும் விதத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன்.

பெரிய தவறு, ஸ்வரத்தை எழுதிக்கொண்டு உட்காருவது. வயலின் கற்ற நாட்களில் ஒரே பிடியை, அதாவது ராகத்தின் ஒரு சிறு சொற்றொடர் போன்ற துணுக்கை, திரும்பத் திரும்பக் கேட்டு, 'க ம ப த' என்று நோட்டில் குறித்து வைத்தேன். வாசித்தால் ஸ்வரமெல்லாம் சரியாக இருந்தது, தோடியைத்தான் காணோம். தோடியின் காந்தாரம் ('க' ஸ்வரம்) ஓர் இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். நாயனத்தில் அந்த அசைவு துளையை அரைகுறையாக மூடித் திறக்கும் விரலிலும், சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை) கவ்விய உதட்டிலும், மூச்சின் அழுத்தத்திலும் பிறக்கிறது. வயலினில் அதற்கு விரல் தந்திமேல் வழுக்க வேண்டும். வீணையில் மெட்டின்மேல் (தந்திக்கு அடியில் உள்ள உலோகக் கட்டையின்மேல்) தந்தியை இழுக்க வேண்டும். என் ஆசிரியர் வில்லைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "முதல்ல பாடு" என்றார். இரண்டு வாரம் வெறும் பாட்டுதான். வாயில் வந்த பிறகு விரலுக்கு வழி தெரிந்தது.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடப் பாட, சிறுவன் ஸ்ரீநிவாஸ் கேட்டு வாசித்தார். எட்டுத் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும் மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கும் வந்தார். ஜோடித் தந்தியைச் சேர்த்து இழுத்துக் கமகம், அதாவது ஸ்வரத்தின் அந்த அசைவு, எடுப்பது சிரமம். பாட்டு கேட்டதை வாத்தியம் தராதபோது அவர் வாத்தியத்தை மாற்றினாரே தவிர, கமகத்தைக் குறைக்கவில்லை.

அடுத்தது, தட்டின் நீளத்தை ராகத்தின் நீளமாக எண்ணுவது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடம்தான் அடங்கும். கோயில் வீதியில் மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அப்படிச் சில நிமிடங்களுக்குள் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, தோடி என்றாலே மூச்சுவிடாமல் பிருகா பொழிவது என்று நினைத்தால், நின்று நிதானிக்கும் கார்வைகள் கைக்கு வரவே வராது.

இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் வேகம் கூடியோ குறைந்தோ இருக்கலாம், அதோடு சுருதியும் நகர்ந்துவிடும். அதை நம்பி வயலினைச் சுருதி கூட்டாதீர்கள்.

கடைசியாக, வில். நாயனக்காரர் நாக்கால் தட்டித் தட்டி வாசிக்கும் துத்துகாரத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வில் வெட்டுப் போட்டால், ராகம் துண்டு துண்டாக அறுந்துவிடும். ஒரே வில்லில் முழுப் பிடியையும் வாசித்துப் பாருங்கள், அழுத்தத்தை மட்டும் இடையிடையே கூட்டிக் குறைத்தால் போதும். அப்புறம், அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனித்துக் கேளுங்கள். உங்களுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை என்றாலும், அங்கே வில்லைத் தூக்குங்கள்.